கூட்டில் இறுகிய கண்ணாடி

என் அண்ணன் யாரையும் அடித்ததில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான், அவ்வளவுதான். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொண்டு போகலாம் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஒருமுறை அவன் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் அவனுக்கு அதுதான் பைத்தியம். தொலைநோக்கி செய்யப்போகிறேன் என்று தடிமனான வட்டக் கண்ணாடியை ஒரு டிரம்மின் மேல் வைத்து, அரைக்கும் பொடியைத் தூவி, அந்த டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தேய்ப்பான். பொடி ஒட்டியிருக்கிறதே, கழுவி வைப்போம், அண்ணன் சந்தோஷப்படுவான் என்று நான் அதில் வெந்நீரை ஊற்றினேன். 'படக்' என்று ஒரே சத்தம். கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. அண்ணன் வந்து பார்த்தான், துண்டுகளைப் பொறுக்கினான், போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதமோ என்னவோ, அந்த வீட்டில் நான் இருக்கிறேன் என்பதே அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் கல்யாணத்திலும் அதே கதைதான். அவன் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தான். நான் லேத் பட்டறைக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தான், ஓரமாக நின்றான், சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். என்னோடு பேச்சை முழுக்க விடவில்லை. போனில் பேசுவான். என் வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்து வாசல்வரை வந்துவிட்டுப் போவான். ஆனால் அவரோடு ஒரு வார்த்தை கிடையாது. அவரைக் குறித்து "மாப்பிள்ளை" என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. "உன் வீட்டுக்காரர்" என்பான். என்னவோ அவரை நான் சந்தையில் பிடித்து வந்தது போல.

அப்படிப்பட்டவன் ஒருநாள் காலையில் போன் செய்து, "பாப்பா, உன் வீட்டுக்காரர் அலுமினியத்துல ஒரு சின்ன வேலை செஞ்சு தருவாரா?" என்று கேட்டபோது நான் போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொலைநோக்கி கிட்டத்தட்ட முடிந்துவிட்டதாம். குழாய் தயார், நிறுத்தும் கால்கள் தயார். முன்பக்கம் வைக்கும் லென்ஸும் தயார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்து, வருஷக்கணக்காக அவனே தேய்த்தது. லென்ஸ் என்றால் ஒன்றல்ல, இரண்டு கண்ணாடி. ஒன்றுக்காக மற்றது தேய்க்கப்பட்ட ஜோடி. ஒன்று உடைந்தால் மற்றதை ஜன்னலில்கூட வைக்க முடியாது. அந்த ஜோடி உட்கார ஒரு கூடு வேண்டும். உள்ளே சின்னப் படி வைத்த அலுமினிய வளையம், அதுதான் கூடு.

கொண்டுவந்தான். பட்டறை எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில்தான். ஆனால் அவன் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, துண்டில் சுற்றிய கண்ணாடிகளைக் குழந்தையைக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தான். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றான். என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளி லேத்துக்குப் பக்கத்தில் கையைத் துடைத்தபடி நிற்கிறார். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

"கண்ணாடி எத்தன மில்லின்னு கேளு," என்றார் என் வீட்டுக்காரர்.

"துண்டுலயே சீட்டு இருக்குன்னு சொல்லு," என்றான் அண்ணன்.

"எப்போ வேணுமாம்?"

"நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் என்னைத் தபால்காரின்னு நெனச்சுட்டீங்களா?" என்று கத்தினேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

படியிறங்கும்போது அண்ணன் திரும்பி, "பத்திரம் பாப்பா," என்றான். தெருமுனை போனவன் மறுபடி திரும்பி வந்து, "பத்திரம்," என்றான்.

அன்றிரவு என் வீட்டுக்காரர் சரியாகத் தூங்கவில்லை. "உங்கண்ணன் வாயே திறக்காதபடி செஞ்சு குடுக்கிறேன் பாரு," என்றார். அவன் வாயைத் திறக்க வைப்பதல்லவா எனக்கு வேண்டியது! ஆனால் எனக்கும் ஆசைதான். கூடு நன்றாக அமைந்தால் அண்ணன் ஒரு வார்த்தையாவது அவரிடம் சொல்வான். ஒரு வார்த்தை போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

மறுநாள் கடுங்குளிர். காலையிலிருந்தே லேத் ஓடும் சத்தம் மாடிவரை கேட்டது. மதியம் தாண்டி, வெயில் சரியத் தொடங்கும் நேரத்தில், "இங்க வாயேன்!" என்று கூப்பிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையோடு ஓடினேன்.

அவர் முகமெல்லாம் பல். கையில் பளபளவென்று வளையம், அதற்குள் கனமான கண்ணாடி. ஜோடியில் பெரியது அது. இளகிய ஜாதிக் கண்ணாடி, விளிம்பில் லேசாகத் தட்டினாலே சில்லு போகும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மற்றது மேசைமேல் துண்டுக்குள் இருந்தது.

"பார்த்தியா? வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி எறங்குச்சு." வளையத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஆட்டிக் காட்டினார். என் உயிர் போய் வந்தது. கண்ணாடி அசையவில்லை. "ஒரு மயிரிழை ஆடுதா சொல்லு? லேத்துலேருந்து எடுத்த சூட்டோட வெச்சேன். இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கு. ஆற ஆற இன்னும் நல்லாப் பிடிச்சுக்கும்."

ஆற ஆற இன்னும் நல்லாப் பிடிச்சுக்கும்.

 அவர் பேரிங் போடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கூட்டைச் சூடாக்குவார், அது விரியும், பேரிங்கை உள்ளே விடுவார், ஆறினால் கூடு சுருங்கி இறுகிக்கொள்ளும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆடினால் அவருக்கு அவமானம். "ஆடுற வேலையைப் பட்டறைய விட்டு வெளிய அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவர்.

ஆனால் பேரிங் இரும்பு. இது கண்ணாடி.

"என்னங்க, அத வெளிய எடுங்க," என்றேன்.

"ஏன்?"

"எடுங்கன்னா எடுங்க!"

என் குரலைக் கேட்டு அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பஞ்சை வைத்துப் பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கட்டைவிரல் நகம் வெளுத்தது. கண்ணாடி அப்படியே இருந்தது.

"ஆறிடுச்சு," என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. 'டிக்.' அவ்வளவு சின்னச் சத்தம். பல்லி காலை மாற்றி வைத்தால்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உலோகமா, கண்ணாடியா என்று தெரியவில்லை. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார், ஏதோ அது கடிக்கும் என்பது போல. ஜன்னல் கம்பி வழியாக விழுந்த வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. தகரக் கூரைப் பட்டறை. வெயில் போனால் உள்ளே ஐஸ் பெட்டிதான். குளிரக் குளிர வளையம் சுருங்கும். அது கண்ணாடியின் கழுத்தை நெரித்துக்கொண்டே போகும். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

 ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். திரும்பிப் பார்த்தால் மனுஷன் கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்து நிற்கிறார்.

"என்ன செய்றீங்க?"

"வெளிப்பக்கம் லேசா சூடு காட்டினா வளையம் விரியும். கழண்டு வந்துடும்."

"நெருப்பையா? கண்ணாடிமேலயா?" நான் மேசைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். "என்னைத் தள்ளிட்டுப் போய்க் காட்டுங்க!"

"வளையத்துக்குத்தான்டி..."

"ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்னா அது படக்குன்னு போயிடும். நான் பார்த்திருக்கேன். நானே உடைச்சிருக்கேன்!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவருக்கு அது நெற்றியிலேயே எழுதியிருந்தது. ஆனால் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கை நடுங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் கை விரல்மேல் இரும்பு விழுந்தபோதுகூட நடுங்கியதில்லை.

"உங்கண்ணன்கிட்ட சொல்லாத," என்றார். "வரும்போதே ஓரத்துல சில்லு போயிருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். வெளிய எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களா? அவன் அந்தக் கண்ணாடிய எத்தன வருஷமா தடவியிருக்கான்! உங்க முகத்தைவிட எனக்குத் தெரியாது, அவனுக்கு அது தெரியும்."

என்ன சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. பயத்தில் நாக்கு குளறியது. பேசாமல் இருந்து, அவன் வரும்வரை ஏதாவது முயன்று பார்க்கலாம். நன்றாக வந்துவிட்டால் தப்பித்தோம். உடைந்தால்? அண்ணன் வந்து பார்ப்பான், துண்டுகளைப் பொறுக்குவான், போய்விடுவான். இந்த முறை ஒரு மாதம் அல்ல. இந்த வாசற்படியில் அவன் செருப்புச் சத்தம் இனி எப்போதும் கேட்காது. அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தவன் அவன். எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருவன்தான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று போனை எடுத்தேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணா," என்றேன். "பெரிய கண்ணாடி கூட்டுல மாட்டிக்கிச்சு. சூட்டோட வெச்சாரு. இறுகிடுச்சு."

மறுமுனையில் ஒன்றுமில்லை. மூச்சுக்கூட இல்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது.

"அண்ணா? டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"தொடாதீங்க," என்றான். "எதையும் தொடாதீங்க. வர்றேன்." போனை வைத்துவிட்டான்.

அவன் வரும்வரை நாங்கள் பட்டறையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் போல. சுவரில் வெயில் இல்லை. நான் என் சால்வையை எடுத்து வளையத்தைச் சுற்றி வைக்கலாமா என்று எழுந்து, தொடாதீங்க என்றானே என்று மறுபடி உட்கார்ந்தேன். தெருவில் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. இந்த மனுஷன் ஒரு தடவை வாயைத் திறந்து, 'இது எவ்வளவு இறுக்கமா இருக்கணும் மச்சான்' என்று கேட்டிருக்கக் கூடாதா? அந்த மனுஷன் ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

கதவு திறந்தது. அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. வாசற்படியில் நிற்பான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து மேசைக்கு முன்னால் குனிந்தான். எங்களைப் பார்க்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விளிம்போடு விளிம்பாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஓரிடத்தில் அவன் பார்வை நின்றது. அங்கே என்ன இருந்தது என்று அவன் சொல்லவில்லை.

"கதவைச் சாத்து பாப்பா. பஞ்சு கொண்டா. மூணு மரத்துண்டு, ஒரே உயரமா."

கொண்டுவந்தேன். பஞ்சைத் தடிமனாக விரித்தான். சுற்றிலும் மரத்துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் வளையத்தைக் கண்ணாடி கீழ்ப்பக்கம் வரும்படி கவிழ்த்தான். கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளிதான்.

"நெருப்பு வேணாம், தண்ணி வேணாம். கைச்சூடு போதும். வளையத்த மட்டும் கையால சுத்திப் பிடிக்கணும், கண்ணாடிமேல விரல் படக்கூடாது. அலுமினியம் சட்டுனு சூடேறும், கண்ணாடி மெதுவாத்தான் ஏறும்." சொல்லிக்கொண்டே தன் கையை உரசினான். என் கையைப் பிடித்துப் பார்த்து உடனே விட்டுவிட்டான். என் கை பாத்திரம் கழுவிய கை. அவன் கையோ, கடையில் நாளெல்லாம் தண்ணீர் சொட்டும் சாணைக்கல்லில் கண்ணாடி தீட்டுகிற கை. இரண்டும் ஐஸ்.

என் வீட்டுக்காரர் கையை நான் அடுப்புக் கை என்பேன். கோடையில் தோளில் போட்டால் தட்டிவிடுவேன். அதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் திரும்பினான்.

"உங்க கையக் காட்டுங்க," என்றான்.

அவரிடம்! என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான்தான் அதை அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்பது போல. பிறகு இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் அந்த உள்ளங்கைகளைப் பிடித்துப் பார்த்தான்.

"நீங்கதான் பிடிக்கணும்."

"நானா? வேணாம். என் கை நடுங்குது."

"நடுங்கினா பரவால்ல. சூடு இருக்குல்ல."

பிடித்தார். பெரிய கைகள். வளையம் முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. அண்ணன் மேசையோடு கன்னத்தை வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூச்சைக்கூட யோசித்து யோசித்துத்தான் விட்டேன். என் வீட்டுக்காரர் நெற்றியிலிருந்து வேர்வை உருண்டு மூக்கு நுனிக்கு வந்தது. அது கண்ணாடிமேல் விழப்போகிறதே என்று எட்டி முந்தானையால் துடைத்தேன்.

நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. தகரக்கூரை குளிரில் முறுக்கிக்கொண்டு எங்கோ ஒரு சத்தம் போட்டது. மூவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

அப்புறம் மறுபடியும், 'டிக்.'

இந்த முறை கைகளுக்குள்ளிருந்துதான். என் வீட்டுக்காரர் சுட்டுவிட்டது போலக் கையை விரிக்கப்போனார்.

"கைய எடுக்காதீங்க!" அண்ணன் கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. எழுந்து, தன் குளிர்ந்த கைகளை அவர் கைகள்மேல் வைத்து அழுத்திக்கொண்டான். "எடுத்தா மறுபடி இறுகும். பிடிங்க. இன்னும் கொஞ்சம். பிடிங்க, பிடிங்க."

'பொத்' என்று பஞ்சில் விழுந்தது.

 பிறகு அண்ணன் மெல்ல வளையத்தை அவர் கையிலிருந்து விலக்கினான். கண்ணாடியைப் பஞ்சோடு எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். முழுசாக இருந்தது. ஆனால் விளிம்பில் ஓரிடத்தில், வெட்டிய நகத்துணுக்கு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பஞ்சில் அது மினுமினுத்தது.

அண்ணன் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பேசவில்லை.

 இதோ, இப்போது துண்டில் சுற்றுவான், இதோ கிளம்புவான். அவன் மற்ற கண்ணாடியை எடுக்கக் கையை நீட்டினான் என்று எனக்குத் தோன்றியது. "அண்ணா, திட்டு," என்றேன். அழுகை வந்துவிட்டது. "எங்க ரெண்டு பேரையும் நல்லாத் திட்டு. பேசாம மட்டும் இருக்காத. என்னால முடியல."

"தெரியாமப் பண்ணிட்டேன் மச்சான்," என்றார் என் வீட்டுக்காரர். கைகள் இன்னும் வளையம் பிடித்த வாக்கிலேயே இருந்தன. "பேரிங் மாதிரி நெனச்சுட்டேன். நல்லாப் பிடிச்சாத்தான் நல்ல வேலைன்னு..."

அண்ணன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

"நான் சொல்லியிருக்கணும்," என்றான். "கண்ணாடியப் பிடிக்கக் கூடாது. உக்கார வைக்கணும், அவ்வளவுதான். பிடிச்சா வளையும், வளைஞ்சா நட்சத்திரம் மூணு மூலையாத் தெரியும். குளுந்தா இதான்." சில்லை விரல்நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்தான். "ஓரம்தான். படிக்குள்ள மறைஞ்சுடும். பெயர்ந்த எடத்துல கறுப்பு மை தடவிட்டா ஒண்ணும் தெரியாது."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "இப்போ எவ்வளவு பெருசாக் கடையணும்னு கேளு," என்றார். பழக்கதோஷம்.

"அண்ணா, எவ்வளவு..."

"நீ சும்மா இரு பாப்பா, அவர் என்னத்தானே கேக்குறாரு," என்றான் அண்ணன். "கொஞ்சூண்டு. குளுந்த பெறகும் லேசா ஆடணும். ஆட்டினா சத்தம் கேக்கணும்."

"சத்தமா?" என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

லேத் மறுபடி ஓடியது. கொஞ்சம் கடைவதும், நிறுத்துவதும், வளையத்தை வெளியே ஜன்னல் திண்டில் குளிரில் வைப்பதும், எடுத்து அளப்பதுமாக இரண்டு தலையும் குனிந்தபடியே இருந்தன. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அண்ணன் பார்க்காமலே எடுத்துக் குடித்தான்.

கடைசியில் நன்றாகக் குளிர்ந்த வளையத்துக்குள் கண்ணாடி இரண்டையும் வைத்து, அவை வெளியே விழாமல் தடுக்கும் திருகு வளையத்தை மேலே தொட்டும் தொடாமலும் மூடி, அண்ணன் அதைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டினான். பிறகு என் வீட்டுக்காரர் காதுக்கு அருகே பிடித்தான். உள்ளே கண்ணாடி மெதுவாகச் சலசலத்தது. ஒவ்வொரு சலசலப்புக்கும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர், ஊரெல்லாம் பேர் வாங்கியவர், தலையைத் தொங்கப்போட்டார். "ஆடுதே, மச்சான்," என்றார்.

"ஆடட்டும் மாப்பிள்ளே," என்றான் அண்ணன்.